ஜவ்வாது மலையில் ஒளி சேமித்த வைணு பாப்பு



சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரிலோ ரயிலிலோ போகிறவர்கள் ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி நெருங்கும்போது இடது பக்கம் ஒரு நீண்ட மலைத்தொடரைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஜவ்வாது மலை. சந்தன மரத்துக்கும் சாமைக்கும் பெயர் பெற்ற மலை. அதன் மேல், ஆலங்காயத்தைக் கடந்து போனால் காவலூர் என்ற சிற்றூர் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அங்கே காட்டுக்கு நடுவில் பெரிய வெள்ளைக் கூண்டு ஒன்று நிற்கிறது. அதற்குள் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் ஒரே பெயர்தான்: வைணு பாப்பு.

அவர் யார், அந்த மலையில் என்ன தேடினார் என்பதை இந்த இதழில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் பி.காம். படித்து வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஆகவே விஞ்ஞானத்தையும் கணக்கு வழக்காகத்தான் சொல்ல வரும். அதில் உங்களுக்கும் ஒரு வசதி இருக்கலாம்.

முதலில் ஒரு சொல்: பாயம்

நம் வீட்டுப் பிள்ளைகளின் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினால் மின்பாயம், காந்தப்பாயம் என்ற சொற்கள் வரும். பாய்வது என்பதிலிருந்து வந்த சொல். ஒரு வளையத்தின் வழியாகக் காந்தப்புலம் எவ்வளவு ஊடுருவுகிறது என்பதைச் சொல்வது காந்தப்பாயம். அந்தப் பாயம் மாறிக்கொண்டே இருந்தால் வளையத்தில் மின்சாரம் பிறக்கும். இதை 1831-ல் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. அந்தக் காலத்து சைக்கிள் டைனமோ எரிந்தது இதனால்தான். நம் வளாகத்து மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வதும் இதனால்தான்.

ஒளியும் மின்காந்த அலைதான். எனவே ஒளிக்கும் பாயம் உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு எவ்வளவு ஒளி ஆற்றல் வந்து விழுகிறது என்பதை வானியலார் பாயம் என்கிறார்கள். மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டர் அகலத்துக்குத் தொட்டி ஒன்றை வைத்து, மழை என்ன வேகத்தில் நிரப்புகிறது என்று பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியனிலிருந்து பூமியின் காற்று மண்டலத்துக்கு மேலே வந்து சேரும் பாயம் சதுர மீட்டருக்கு சுமார் 1,361 வாட். காற்றைக் கடந்து நம் மாடிக்கு வரும்போது, நல்ல வெயிலில், ஏறக்குறைய 1,000 வாட். மாடியில் சோலார் பலகை போட்டவர்களுக்கு இந்த எண் பழக்கமாக இருக்கும். இரவு வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் விண்மீன் சிரியஸ். அது சூரியனைவிட சுமார் 25 மடங்கு ஆற்றலை வெளியிடுகிறது. அதிலிருந்து நமக்கு வந்து சேரும் பாயமோ, சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்குதான். காரணம் தூரம். ஒளி போகப் போக விரிந்துகொண்டே போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் பாயம் நான்கில் ஒரு பங்காகும். தூரம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

வட்டிக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அசல், காலம், வட்டி விகிதம் மூன்றையும் பெருக்கினால் தனி வட்டி. வானியலில் சேரும் ஒளியும் அதே கணக்குதான். கண்ணாடியின் பரப்பு அசல். கண்ணாடியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரம் காலம். பாயம் வட்டி விகிதம். விகிதத்தை மாற்ற நம்மால் முடியாது, விண்மீன் தருவதுதான். அசலையும் காலத்தையும் மட்டுமே மனிதன் கூட்ட முடியும். வைணு பாப்புவின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டையும் கூட்டுவதற்காகச் செலவானது.

ஐதராபாத்துப் பையன்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்தின் வடபகுதி. அப்பா ஐதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். மற்ற பிள்ளைகள் அப்பாவின் அலுவலகத்துக்குப் போனால் கோப்புகளைப் பார்ப்பார்கள். இந்தப் பையன் தொலைநோக்கியைப் பார்த்து வளர்ந்தார்.

நிஜாம் கல்லூரியில் படித்த நாட்களிலேயே மாறு விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரைகள் எழுதத் தொடங்கிவிட்டார். மாறு விண்மீன் என்பது பிரகாசம் கூடிக் குறையும் விண்மீன். அதைக் கவனிப்பது என்றால், பக்கத்திலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்று எவ்வளவு பிரகாசம், அடுத்த வாரம் எவ்வளவு என்று இரவு இரவாகக் குறித்துவைப்பது. தினசரிப் பேரேடு எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நாள் பதிவு விட்டுப்போனாலும் கணக்கில் ஓட்டை விழும். இருபது வயதுக்குள் அவருக்குப் பிடிபட்ட பழக்கம் இது.

பிறகு ஐதராபாத் அரசின் உதவித்தொகையோடு 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் போனார். போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு சம்பவம். அந்த ஆண்டு ஜூலை 2 இரவு அவர் எடுத்த ஒளிப்படத் தகட்டில் இதுவரை யாரும் குறிக்காத ஒரு மங்கலான பொருள் பதிந்திருந்தது. அவருடைய பேராசிரியர் பார்ட் போக்கும் சக மாணவர் கார்டன் நியூகர்க்கும் சேர்ந்து பார்த்து உறுதி செய்தார்கள். அது ஒரு புதிய வால் நட்சத்திரம். பாப்பு–போக்–நியூகர்க் என்று பெயர் வைத்தார்கள். பசிபிக் வானியல் சங்கம் அவருக்கு டோன்ஹோ பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 22 கூட நிறையவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாத அந்தப் பொருள் தகட்டில் எப்படித் தெரிந்தது? நம் கண் ஒளியைச் சேமிக்காது, வந்ததை அப்போதைக்கப்போது செலவழித்துவிடும். ஒளிப்படத் தகடு அப்படியில்லை. அரை மணி நேரம் திறந்துவைத்தால் அந்த அரை மணி நேரத்து ஒளி முழுவதும் அதில் சேரும். சிறுகச் சிறுகக் கட்டும் ரெக்கரிங் டெபாசிட் போல.

இரண்டு விளக்குகள், ஒரே வெளிச்சம்

1952-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றதும், கார்னகி நிறுவனத்தின் ஆய்வு நல்கை கிடைத்தது. கலிபோர்னியாவின் பாலோமர் மலைக்குப் போனார். அங்கே ஓலின் வில்சன் என்ற மூத்த வானியலாளரோடு சேர்ந்து செய்த வேலைதான் இன்றுவரை உலகத்துப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் நமக்கும் புரியக்கூடியதே. இருட்டில் நெடுஞ்சாலையோரம் நிற்கிறீர்கள். தொலைவில் ஒரு விளக்கு தெரிகிறது. அது பக்கத்தில் வரும் சைக்கிளா, தூரத்தில் வரும் லாரியா? கண்ணுக்கு வந்து சேரும் பாயத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பலவீனமான விளக்கு பக்கத்தில் இருந்தாலும், பலமான விளக்கு தூரத்தில் இருந்தாலும் பாயம் ஒன்றாகவே இருக்கலாம். விளக்கின் உண்மையான சக்தி எவ்வளவு என்று வேறொரு வழியில் தெரிந்தால் போதும். அந்தச் சக்தியையும் வந்து சேரும் பாயத்தையும் வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வரும்.

விண்மீனின் உண்மையான சக்தியை எப்படித் தெரிந்துகொள்வது? விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தெரியும். ஊதா முனையில் கால்சியம் உண்டாக்கும் ஒரு கருங்கோடு உண்டு. கே கோடு என்று அதற்குப் பெயர். சூரியனைப் போன்ற விண்மீன்களிலும் அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களிலும் அந்தக் கருங்கோட்டின் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரியும். வில்சனும் பாப்புவும் 185 விண்மீன்களில் அந்த வெளிச்சக் கோட்டின் அகலத்தை அளந்தார்கள். கோடு அகலமாக இருந்தால் விண்மீன் உண்மையிலேயே பெரும் பிரகாசம் உடையது, குறுகலாக இருந்தால் பிரகாசம் குறைந்தது. மிகச் சாதாரண விண்மீனிலிருந்து அதைவிடப் பத்து லட்சம் மடங்கு பிரகாசமான ராட்சத விண்மீன் வரை இந்த ஒழுங்கு பிசகவில்லை. 1957-ல் முடிவை வெளியிட்டார்கள். வில்சன்–பாப்பு விளைவு என்று உலகம் அதை அழைக்கிறது.

தொலைவிலிருந்து வரும் வண்டியின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, இது லாரி என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அது போலத்தான். அந்த மெல்லிய கோடு விண்மீனின் எஞ்சின் சத்தம்.

திரும்பி வந்தவர்

இந்த ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தபோது பாப்பு அமெரிக்காவில் இல்லை. 1953-லேயே இந்தியா திரும்பிவிட்டார். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி பாலோமரில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கி. அதாவது சுமார் 5 மீட்டர். அங்கே வேலை செய்து பெயர் வாங்கியவர், அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நல்ல கருவி கிடைக்காத நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று வாதாட நான் இதைச் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

உத்தரப் பிரதேச அரசு 1954-ல் வாரணாசியில் ஒரு வானாய்வகம் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் பாப்பு பொறுப்பேற்றார். சமவெளியின் தூசியும் வெளிச்சமும் விண்மீன் பார்க்க உதவாது என்று அந்த ஆய்வகத்தை நைனிடால் மலைக்கு மாற்றினார்கள். இன்றைக்கு ஏரீஸ் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் வேர் அதுதான்.

1960-ல் அவர் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். வயது 32. கொடைக்கானலுக்குப் போனவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்திருப்பீர்கள். அந்த மலையில் 1899 முதல் சூரியனைப் பார்த்துவரும் ஆய்வகம் ஒன்றும் இருக்கிறது. அது 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டிய சென்னை வானாய்வகத்தின் வாரிசு. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கே கோட்டின் ஒளியில் சூரியனைப் படம் எடுத்து வந்தார்கள். அந்தப் படங்களில் எங்கெல்லாம் சூரியனின் காந்தப்பாயம் அடர்த்தியாக மேலே வருகிறதோ, அங்கெல்லாம் கே கோட்டு ஒளி கூடுதலாக மின்னும். தூர விண்மீன்களில் தான் அளந்த கோட்டின் அகலத்துக்குக் காரணம் என்ன என்று பாப்பு தேடியபோது, பக்கத்து விண்மீனான சூரியனே அவருக்கு ஆய்வுக்கூடம் ஆனது. கே.ஆர். சிவராமனோடு சேர்ந்து 1971-ல் அதைப் பற்றி எழுதினார். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் காந்தப்பாயமும் விண்மீனின் ஒளிப்பாயமும் ஒரே மனிதரின் வேலையில் இப்படிச் சந்தித்தன.

காவலூர்

கொடைக்கானல் சூரியனுக்கு நல்ல இடம், இரவு வானத்துக்கு அல்ல. மழைக் காலங்களில் மேகம் மலையை மூடிவிடும். வட்டிக் கணக்கை மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேகம் மூடிய இரவுகள் காலக் கணக்கில் வராது. தெளிந்த இரவுகள் கூடுதலாகக் கிடைக்கும் இடம் வேண்டும். நகர வெளிச்சம் எட்டக் கூடாது. கூடவே, தென் வானமும் தெரிய வேண்டும். பூமியின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகே போகிறோமோ, அவ்வளவு தென் வானம் கூடுதலாகத் தெரியும்.

தென்னிந்திய மலைகளில் தேடி, கடைசியில் ஜவ்வாது மலைக் காட்டில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அது சுமார் பன்னிரண்டரை பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. வட வானமும் தெரியும், தென் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். இன்னொரு வசதியும் இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வானாய்வகங்கள் நிறைய. நம் தீர்க்கரேகையில் அவை மிகக் குறைவு. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது வானத்தில் நடப்பதை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா?

1967–68 வாக்கில் அங்கே முதல் தொலைநோக்கி வந்தது. 38 சென்டிமீட்டர். அதாவது நம் வீட்டு ஸ்டூலின் பலகை அளவு. வெளிநாட்டில் வாங்கியது அல்ல. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்திடமிருந்து 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. அசல் ஏழு மடங்கு கூடிவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து அதை மறைத்தது. துணைக்கோளில் காற்று ஏதும் இல்லையென்றால் விண்மீனின் ஒளி விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நிற்க வேண்டும். காற்று இருந்தால் படிப்படியாகக் குறையும். காவலூரிலும் இந்தோனேசியாவிலும் அளந்ததை வைத்து, கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று அறிவித்தார்கள். பின்னாளில் வாயேஜர் விண்கலம் அருகே போய் அளந்தபோது, அது அப்போது கணித்ததைவிட மிக மிக மெல்லியது என்று தெரிந்தது. அறிவியலில் கணக்குத் தணிக்கை இப்படித்தான் நடக்கிறது, அதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு மிக அருகே கடக்க இருந்தது. அமெரிக்கர்கள் ஒரு விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடல் மேல் பறந்தார்கள். காவலூரில் ஜே.சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் பாயத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் இறங்கி மறுபடி ஏறியது. நடுவில் எதுவோ மறைத்திருக்கிறது. விமானத்திலிருந்தவர்களும் இதே போன்ற இறக்கங்களைக் கண்டார்கள். எல்லோருடைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. சனிக்கு மட்டுமே வளையம் என்று உலகம் நினைத்திருந்த காலம் அது. வளையங்களை யாரும் அன்று கண்ணால் பார்க்கவில்லை. வர வேண்டிய ஒளியில் குறைந்ததை வைத்தே கண்டுபிடித்தார்கள். கவுண்டரை மூடும்போது ரொக்கம் குறைந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்பது எங்களுக்கு வங்கியில் முதல் பாடம்.

அவர் பார்க்காத தொலைநோக்கி

இதற்கிடையே 1971-ல் கொடைக்கானல் ஆய்வகமும் காவலூரும் சேர்ந்து இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாக மாறின. தலைமையகம் பின்னர் பெங்களூருக்குப் போனது. பாப்பு அதன் இயக்குநர். அரசுத் துறையின் ஒரு கிளையாக இருந்ததை நாட்டின் முதல் வரிசை ஆய்வு நிறுவனங்களில் ஒன்றாக மாற்றியது அவர் வேலை. பட்நாகர் விருது 1970-லும் பத்மபூஷண் 1981-லும் வந்தன. 1979-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக உலக வானியலாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் அவர் மனம் முழுவதும் இருந்தது ஒரு பெரிய கண்ணாடியில். 2.34 மீட்டர். வாங்கினால் வேலை சுலபம். பாப்பு நம் நாட்டிலேயே செய்வது என்று தீர்மானித்தார். ஒரு தொலைநோக்கியை வாங்கினால் ஒரு தொலைநோக்கி கிடைக்கும். செய்யக் கற்றுக்கொண்டால் அடுத்ததையும் நாமே செய்துகொள்ளலாம். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் நடந்தது. தொலைநோக்கியைத் தாங்கும் பெரும் இரும்புக் கட்டமைப்பை வால்சந்த்நகர் ஆலை செய்தது. அந்தக் கண்ணாடி, இருட்டில் விரிந்த நம் கண்ணின் பாவையைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் பரப்புள்ளது. பாப்பு முதலில் காவலூரில் வைத்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியைவிட ஏறக்குறைய 38 மடங்கு ஒளியைச் சேர்க்கும். கண்ணாடியைத் தேய்ப்பது நீண்ட வேலை. தேய்ப்பதும், அளப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக ஆண்டுகள் ஓடின.

1982 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் கூடியது. தலைமை தாங்க வேண்டியவர் பாப்பு. அவர் அங்கே போக முடியவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தார். பேரவை நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 19 அன்று, அங்கே காலமானார். 55 வயது நிறைந்து ஒன்பது நாட்கள்தான் ஆகியிருந்தன.

கண்ணாடி வேலை நிற்கவில்லை. அவர் பழக்கிவிட்ட கைகள் முடித்தன. 1985-ல் தொலைநோக்கி முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்து, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். வானத்திலும் அவர் பெயரில் ஒரு குறுங்கோள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் எண் 2596.

அதற்குப் பின்னரும் காவலூர் ஓயவில்லை. 1988-ல் ஆர். ராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். 2014-ல் ஜே.சி. பட்டாச்சாரியா பெயரில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் சேர்ந்தது.

நம் மாடியிலிருந்து காவலூருக்கு

இப்போது நமக்கு வருகிறேன். பாயம் நல்லது கெட்டது பார்க்காது. விண்மீனின் ஒளி விழும் அதே கண்ணாடியில் நம் ஊர்களின் ஒளியும் விழுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ஆலங்காயம் எல்லாம் பாப்புவின் காலத்தைவிடப் பல மடங்கு வளர்ந்துவிட்டன. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே மங்கலாக வெளுக்க வைக்கிறது. ஒரு கோடியில் ஒரு பங்கு வாட்டைவிட எவ்வளவோ குறைந்த பாயத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்த வெளுப்பு பெரிய இடைஞ்சல். அந்த நிறுவனமே இருட்டைத் தேடி லடாக்கில் ஹான்லே வரை போய், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்திருக்கிறது.

நம் வளாகத்து வெளிச்சம் காவலூரைக் கெடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் தலைக்கு மேலும் ஒரு வானம் இருக்கிறது. எல்இடி பல்பு அட்டைப் பெட்டியைப் பாருங்கள். வாட்டுக்குப் பக்கத்தில் லூமென் என்று ஓர் எண் இருக்கும். அந்த பல்பு எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளியிடும் ஒளிப்பாயம் அது. நடைபாதைக்கு வைத்திருக்கும் உருண்டை விளக்குகளில் அதில் பாதி ஆகாயத்துக்குத்தான் போகிறது. காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் பாதியை மேகத்துக்குக் காட்டுகிறோம். அவற்றுக்கு மேல் மூடி போட்ட விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. மொட்டை மாடி விளக்குகள் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும்படி வைக்கலாம். பாதுகாப்புக்கும் குறை வராது, பொது மின் கட்டணமும் இறங்கும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஏலகிரிக்குப் போகும் குடும்பங்கள் அடுத்த முறை காவலூரையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் பாதை. பொதுமக்களை அனுமதிக்கும் நாளும் நேரமும் எவை என்று இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தப் பெரிய கண்ணாடி இருக்கும் கூண்டைக் காட்டுங்கள். அது நம் நாட்டில், நம் ஆட்கள் கையால் செய்தது என்று சொல்லுங்கள். அதைச் செய்யலாம் என்று முதலில் நம்பியவர் அதன் வழியாக ஒரு விண்மீனைக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.